பழவேற்காடு ஏரியும் காட்டுப்பள்ளித் துறைமுகமும்: மணல் யார் கணக்கு?

இந்த இணைய விவாத இழையைத் தொடங்கிய கேள்வி

"காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கருக்கு விரிவாக்கினால் மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரமே தலையெடுக்கும். பழவேற்காடு ஏரி, பறவை என்று சொல்லி அதைத் தடுப்பவர்கள் எல்லாம் தென்சென்னையில் குடியிருப்பவர்கள். அந்தப் பக்கத்தில் பிறந்தவர் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்."

பிப்ரவரி 9, இரவு

நான் அந்தப் பக்கத்தில் பிறந்தவன். சொந்த ஊர் பொன்னேரி, அம்மா பிறந்தது பழவேற்காடு. இப்போது திருவொற்றியூரில் குடியிருக்கிறேன். மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. ஷிப்பிங் பில், கேட் பாஸ், லாரி வரிசை, பதினேழு வருடமாக இதுதான் பிழைப்பு. மகளுக்குப் பள்ளிக் கட்டணம் துறைமுகக் காசில்தான் கட்டுகிறேன். துறைமுகமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு பக்கம் வேலை, இன்னொரு பக்கம் பறவை என்று பிரித்துவிட்டீர்கள். ஏரியில் நடப்பது வேலை இல்லையா? என் பெரியம்மா நாற்பது வருடம் கையால் இறால் பிடித்தவர். இடுப்பளவு தண்ணீரில் முழங்காலை ஊன்றியபடியே நகர்வார். பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார், இரண்டு கையும் சேற்றைத் துழாவ வேண்டுமே. இறால் விரலில் தட்டியதும் அமுக்கிப் பறிக்குள் போடுவார். சத்தமே இருக்காது. இன்றைக்கு அவர் விரல் நுனியில் ரேகை கிடையாது. ரேஷன் கடை இயந்திரத்தில் பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் வேறு யாரையாவது அனுப்புங்கள் என்பார்கள். அந்தக் கையால் மூன்று பிள்ளைகளை வளர்த்தார்.

பிப்ரவரி 10, காலை

"அது வறுமை, அதையா காப்பாற்றச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். வறுமைதான், மறைக்கவில்லை. தன் மகள் அந்த வேலைக்குப் போகக் கூடாது என்று பெரியம்மாவே பிடிவாதமாக இருந்தார். ஆனால் நாளையிலிருந்து வராதே என்று அவரிடம் சொல்ல யாரும் கிடையாது. கேட்டில் நிற்கிற எனக்கு அந்த நிம்மதி இல்லை.

பிப்ரவரி 12

மணலைப் பற்றிப் பேசாமல் இந்த விவாதம் நகராது.

மெரினா எப்படி வந்தது? 1870களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்ப ஆரம்பித்தார்கள். நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். சுவர் அதை மறித்தது. மறித்த மணல் தெற்கே சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் கடல் கரையைத் தின்றது. என் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் எண்ணூர் நெடுஞ்சாலை. அங்கே கடற்கரை என்றால் கருங்கல் குவியல்தான். என் மகள் மணலில் விளையாட வேண்டுமென்றால் பஸ் ஏறி மெரினாவுக்குப் போகிறோம். எங்களுக்குச் சேர வேண்டிய மணல் அங்கேதான் கிடக்கிறது.

அப்புறம் 2001இல் எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம். அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி. அதற்கும் வடக்கே அடுத்ததாக இருப்பது பழவேற்காடு முகத்துவாரம். ஏரியும் கடலும் கலக்கிற வாய் அது. அது அடைபடுவதற்கும் இதுதான் காரணம்.

பிப்ரவரி 14

மேலே கடைசி வரியில் தப்பு செய்துவிட்டேன். அழிக்காமல் விடுகிறேன், திருத்தத்தை இங்கே எழுதுகிறேன்.

ஒருவர் கேட்டார்: சுவர் மணலை மறித்தால் வடக்கே மணல் குறையத்தானே வேண்டும், முகத்துவாரம் எப்படி மணலால் அடைபடும்? சரியான கேள்வி. இரண்டு வேறு நோயை ஒன்றாக்கிவிட்டேன். ஊருக்குப் போன் போட்டுத் தம்பியிடமும் (பெரியம்மா மகன்) பேசிவிட்டு எழுதுகிறேன்.

முதல் நோய், வாய் அடைபடுவது. ஐப்பசி, கார்த்திகையில் ஆரணி ஆறும் வடக்கே காலாங்கி ஆறும் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும். ஏரி நிரம்பிக் கடலைப் பார்த்து ஓடும்போது வாயில் கிடக்கிற மணலைத் தள்ளிக்கொண்டு போகும். மாசி, பங்குனியில் ஆறு வற்றிவிடும். ஏரியின் ஆழமே பல இடத்தில் ஒரு ஆள் இடுப்புக்குத்தான். தள்ளுவதற்கு ஏரியில் வேகம் இருக்காது. அலை கொண்டுவந்து போடுகிற மணல் அப்படியே தங்கிவிடும். துறைமுகம் வருவதற்கு முன்னாலும் இது நடந்ததுதான்.

இரண்டாவது நோய், காட்டுப்பள்ளிக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே கடலையும் உப்பங்கழியையும் பிரிக்கிற மணல் திட்டு மெலிவது. துறைமுகச் சுவர் சம்பந்தப்பட்டது இதுதான். தெற்கே மணல் நின்றுபோனால் இந்தத் திட்டு கரையும். கரைந்து ஒருநாள் கடல் நேராக உள்ளே வந்தால் அது ஏரியாக இருக்காது.

முதல் நோய்க்கு வருடா வருடம் மருந்து கொடுத்துச் சமாளிக்கலாம். இரண்டாவது வந்தால் பழைய நிலைக்குத் திருப்ப முடியாது. விரிவாக்கத்தில் நான் பயப்படுவது அதற்குத்தான்.

பிப்ரவரி 15

வாய் அடைந்தால் என்ன, ஏரியில் தண்ணீர் இருக்கிறதே என்பவருக்கு.

வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். கண்ணுக்குத் தெரியாத குஞ்சு ஓதத்தோடு (கடல் ஏற்றத்தோடு) முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வரும். சேற்றிலும் கோரையிலும் சில மாதம் தின்று வளரும். வளர்ந்ததும் அதே வாய் வழியாகக் கடலுக்குத் திரும்பும், முட்டையிட. வாய் அடைந்தால் உள்ளே குஞ்சு வராது, வெளியே தாய் போகாது. ஏரியில் பறி வெறுமையாகும், கொஞ்ச நாளில் காசிமேட்டு விசைப்படகின் வலையிலும் இறால் குறையும். இந்த ஏரியைப் பார்த்தே இராத படகு முதலாளிக்கும் இதில் பங்கு உண்டு.

பிப்ரவரி 20

ஆந்திர எல்லையில் இருக்கிற தடாவிலிருந்து ஒரு நண்பர் எழுதியிருக்கிறார், தெலுங்குக் குடும்பம், தமிழ் வாசிப்பவர். அவர் சொன்னதில் பாதி எனக்கு உறைத்தது. "நீங்கள் எல்லாரும் பழவேற்காடு என்று உங்கள் ஏரி மாதிரிப் பேசுகிறீர்கள். ஏரியில் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது."

உண்மை. நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன், ஆந்திராவின் பெயரே இல்லை. இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில் ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய ஏரி இது. தண்ணீர்ப் பரப்பில் அதிகம் அவர்களுடையது, நன்றாக ஓடுகிற வாய் நம் பக்கம். வீடு அங்கே, வாசல் இங்கே. வடக்கே தூப்பிலிப்பாளையம், ராயதொருவு பக்கமிருந்த வாய்களும் மணல் மூடிக் கிடக்கின்றன என்கிறார். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே மண் மேட்டில் சாலை போகிறது. அதற்கு வடக்கே இருக்கிற தண்ணீர் வெயில் காலத்தில் காய்ந்து உப்புத் தரையாகிவிடுகிறது. அங்கிருக்கிற மீனவர்கள் பிடிப்பு தேடித் தெற்கே இறங்கி வருகிறார்கள். அதைத்தான் நம் ஆட்கள் எல்லை தாண்டுகிறார்கள் என்று சொல்லிச் சண்டை பிடிக்கிறோம். வலையை அறுத்ததும் படகைப் பிடித்துவைத்ததும் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது.

அவர் மகன் ஆந்திரப் பக்கத்துத் தொழில் நகரமான ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கிறானாம். கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகளும் அங்கே பஸ் பஸ்ஸாகப் போகிறார்கள். வேலைக்கு மாநில எல்லை தெரியவில்லை, மீனுக்கும் தெரியாது. அதிகாரிக்கு மட்டும் தெரிகிறது.

பிப்ரவரி 21

ஏரியில் பிடிக்கிற மடவை மீன் எங்கே கிடைக்கும் என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். சிந்தாதிரிப்பேட்டை மீன் சந்தைக்கு விடியற்காலையில் போங்கள். பழவேற்காட்டு மடவைதானா என்று கேட்டு வாங்குங்கள். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். கல் உப்பும் கொஞ்சம் புளியும் போட்டு இரண்டு முறை அலசினால் சேற்று வாடை போய்விடும். குழம்பில் மாங்காய் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாளும் சென்னை அடுப்புகளில் கொதிக்கிற மீனில் ஏரி மீனின் பங்கு பெரிது.

மார்ச் 2

"சட்டம் எதுவும் இதுவரை ஏரியைக் காப்பாற்றியதில்லை" என்று ஒரு பதிவு. ஒன்று காப்பாற்றியிருக்கிறது.

தொண்ணூறுகளில் இறால் பண்ணை மோகம் வந்தது. என் சித்தப்பா இரண்டு ஏக்கர் நெல் நிலத்தைக் குத்தகைக்கு விட்டார். நெல்லில் கிடைப்பதைவிடப் பல மடங்கு பணம், முன்பணம் வேறு. வீட்டுக்கு முதல் கலர் டிவி அந்தக் காசில் வந்தது, நாங்கள் எல்லாம் போய்ப் பார்த்தோம். 1994, 95இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து குளம் குளமாக இறால் செத்தது. குத்தகைக்கு எடுத்தவர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். உப்பு ஏறிய நிலம் சித்தப்பாவிடம் திரும்பி வந்தது. அதற்கப்புறம் அதில் நெல் விளையவே இல்லை.

சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிலிக்கா, பழவேற்காடு இரண்டையும் பெயர் சொல்லி, இவற்றின் கரையிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றது. எத்தனை இடத்தில் மீறினார்கள் என்பது வேறு பேச்சு. அந்தத் தீர்ப்பு மட்டும் இல்லாதிருந்தால் கரை முழுக்கச் சித்தப்பா நிலம் மாதிரி ஆகியிருக்கும். அதில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஏரி எந்த மாநிலம் என்று நீதிமன்றம் பார்க்கவில்லை, கரையிலிருந்து அளந்தது.

மார்ச் 9

தம்பியைப் பற்றி எழுத வேண்டாம் என்று இருந்தேன். அவனே எழுதச் சொன்னான்.

டிப்ளமோ படித்தவன். கடலோரத்தில் ஒரு நிறுவனத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தான். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை என்றுதான் எடுத்தார்கள். ஹெல்மெட், அடையாள அட்டை, மாதச் சம்பளம். பெரியம்மா அந்த அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தார். ஆறு வருடம் ஆகியும் நிரந்தரம் இல்லை. ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் முதலிலிருந்து கணக்கு. பி.எஃப். கேட்டவர்களை அடுத்த மாதம் கூப்பிடவில்லை. தம்பி மறுபடி வலைக்குப் போனான். பாடு முறையில் அவன் குடும்பத்துக்கு ஒரு பங்கு இருந்தது, அதனால் பிழைத்தான்.

பாடு என்றால் தெரியாதவர்களுக்கு: ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்று குப்பத்தார் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. நல்ல இடம் ஒருவனுக்கே போகாது, முறை சுற்றி வரும். எல்லாருக்கும் அதில் இடம் கிடையாது, எந்தக் குலம், எந்தக் குப்பம் என்று பார்ப்பார்கள், அதில் எனக்கு வருத்தம் உண்டு. பெரியம்மாவைப் போலவே கையால் இறால் பிடிக்கிற இருளர் பழங்குடியினருக்கு அந்தப் பங்கு இல்லை. ஆனாலும் ஒரு பொதுச் சொத்தைச் சட்டப் புத்தகம் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நிர்வாகம் செய்திருக்கிறார்கள். அதை நிபுணர்கள் யாரும் கூட்டத்துக்குக் கூப்பிட்டுக் கேட்பதில்லை.

கேள்வி கேட்டவருக்கு: வேலை வரும் என்கிறீர்கள். எந்த வேலை, எத்தனை வருடம், யார் பெயரில் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஏரி போனால் திரும்பிப் போக தம்பிக்கு இடம் இருக்காது.

மார்ச் 10

அதே குப்பங்களில் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளம் வந்தபோது அங்கிருந்து எழுந்து வந்த குடும்பங்களும் இருக்கின்றன. ராக்கெட் பறக்கிற நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். போக மாட்டார்கள். மாடியில் ஏறி நின்று கை தட்டுவார்கள். நாட்டுக்கு என்றால் அவர்கள் விட்டுக்கொடுப்பார்கள், விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது முறையும் அவர்களிடமே கேட்பதுதான் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

மார்ச் 24

ஞாயிற்றுக்கிழமை போய்வந்தேன்.

பாலம் தாண்டி லைட்ஹவுஸ் பக்கம் இறங்கி நடந்தோம். முகத்துவாரம் கிட்டத்தட்ட மூடியிருந்தது. போன கார்த்திகையில் படகு போன இடத்தில் நாய் படுத்திருந்தது. ஊர்ப் பணம் போட்டு ஒரு பொக்லைன் பிடித்திருந்தார்கள். அது நடுவே வெட்ட, ஓரத்தில் முப்பது நாற்பது பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். நானும் நின்றேன், அரை மணி நேரத்தில் கை கொப்பளித்துவிட்டது. மதியம் மூன்று மணிக்குமேல் கடல் ஏறத் தொடங்கியது. முதலில் ஒரு விரல் அகலத்துக்கு ஈரம் மணலில் ஊர்ந்து வந்தது. அப்புறம் ஒரு முழம். அப்புறம் இரண்டு பக்கக் கரையும் அடியோடு சரிய, பச்சைத் தண்ணீர் சத்தத்தோடு உள்ளே பாய்ந்தது. ஏரித் தண்ணீர் பழுப்பு, கடல் தண்ணீர் பச்சை, நடுவே நுரைக்கோடு. ஒரு பெரியவர் குனிந்து அந்தத் தண்ணீரை இரண்டு கையிலும் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டார். எவ்வளவு நாள் தாங்கும் என்று தம்பியைக் கேட்டேன். "அமாவாசை வரைக்கும் பார்க்கலாம்" என்றான்.

மார்ச் 30

அப்படியானால் முகத்துவாரத்தில் இரண்டு பக்கமும் கல் சுவர் போட்டு நிரந்தரமாகத் திறந்துவைத்துவிடலாமே என்று எழுதுகிறார்கள். ஊரிலும் அதுதான் பல வருடக் கோரிக்கை. போன வாரம் கை கொப்பளத்தோடு வந்தபோது நானும் அதையேதான் நினைத்தேன்.

ஆனால் பிப்ரவரி 12இல் நானே எழுதியதைப் பாருங்கள். சுவர் என்றால் சுவர்தான். துறைமுகச் சுவருக்கு வடக்கே கரை அரிக்கும் என்றால் முகத்துவாரச் சுவருக்கு வடக்கேயும் அரிக்கும். அங்கேயும் குப்பங்கள் இருக்கின்றன, அதைத் தாண்டி ஆந்திரா. நம் கஷ்டத்தை ஒரு படி வடக்கே தள்ளிவிட்டுத் தீர்ந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுவர் வேண்டுமென்றால் தெற்கே தேங்குகிற மணலை அள்ளி வடக்கே போடுகிற வேலையும் சேர்த்துத்தான் வேண்டும், ஒரு வருடம் இல்லை, சுவர் இருக்கிற காலமெல்லாம். அந்தச் செலவுக்குப் பொறுப்பு யார் என்று முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். காட்டுப்பள்ளிக்கும் இதே கேள்விதான். விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரியில் ஒருமுறை, 2023 செப்டம்பரில் ஒருமுறை கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்துத் தள்ளிவைத்தார்கள். மறுபடி எப்போது கூட்டினாலும் நான் கேட்கப்போவது இந்த ஒன்றைத்தான்.

சிலிக்காவில் என்ன செய்தார்கள்? அந்த ஏரிக்கென்று 1991இல் ஒடிசா அரசு ஒரு மேம்பாட்டு ஆணையம் அமைத்தது. தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று பார்த்து, 2000 செப்டம்பரில் கடலுக்குப் புது வாய் வெட்டினார்கள். மீன் பிடிப்பு ஏறியது. ஆபத்தில் இருக்கிற ஈரநிலங்களின் உலகப் பட்டியலிலிருந்து 2002இல் சிலிக்கா வெளியே வந்தது. மீனவனுக்குக் காசும் வந்தது, ஏரியும் நின்றது. ஆனால் அது ஒரே மாநிலம். இங்கே அப்படி ஒரு ஆணையத்தை யார் அமைப்பது?

ஏப்ரல் 6

"இரண்டு மாநிலம் சேர்ந்து எதையாவது உருப்படியாகச் செய்திருக்கிறதா?"

இதை எழுதியவர் சென்னையில் இருந்தால், தன் வீட்டுக் குழாயைத் திறந்து பார்க்கட்டும். கிருஷ்ணா தண்ணீர். மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தலைக்கு 5 டி.எம்.சி. சென்னைக்குத் தர 1976இல் ஒப்புக்கொண்டன. 1983இல் ஆந்திராவோடு ஒப்பந்தம். 1996இல் கண்டலேறு கால்வாய் வழியாக ஊத்துக்கோட்டைக்கு வந்து பூண்டி சேர்ந்தது. சொன்ன அளவு எல்லா வருடமும் வந்ததில்லை, தெரியும். ஆனாலும் நமக்குத் தாகம் எடுத்தபோது நாலு மாநிலம் ஒரு மேசையில் உட்கார்ந்தன, எல்லையில் அளவு பார்க்கிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள். ஆரணி ஆற்றில் பிச்சாட்டூர் அணை ஆந்திராவில் இருக்கிறது, வெள்ளக் காலத்தில் தண்ணீர் திறந்தால் நம் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை வருகிறது. அந்த ஆறு போய்ச் சேர்கிற ஏரிக்கு மட்டும் பொதுக் கணக்கு கிடையாது.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே நாளில் வாயின் அகலம், ஆழம், தண்ணீரின் உப்பு அளக்க வேண்டும். இரண்டு மொழியிலும் வெளியிட வேண்டும். கரையில் எது கட்டினாலும், துறைமுகமோ சாலையோ கல் சுவரோ, அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கட்ட வேண்டும். அந்த மேசையில் குப்பத்து ஆட்களும் இருளர்களும் உட்கார வேண்டும். இதெல்லாம் முடித்துவிட்டு, மணல் திட்டைத் தொடாமல் இருக்கிற இடத்துக்குள் துறைமுகம் எவ்வளவு வளர முடியுமோ வளரட்டும். என் யார்டில் இன்னும் நூறு பேருக்கு வேலை கிடைத்தால் முதலில் சந்தோஷப்படுகிறவன் நான்.

ஏப்ரல் 7

படகுச் சவாரி, சுற்றுலா என்று எழுதியவருக்கு ஒன்றே ஒன்று. 2011 கிறிஸ்துமஸ் அன்று அந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட், உரிமம், கண்காணிப்பு இல்லாமல் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

ஏப்ரல் 29

தம்பி இப்போது ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வற்றுகிற நேரத்தில் வாயின் அகலத்தைக் காலால் எட்டு வைத்து (ஒரு எட்டு என்றால் ஒரு காலடித் தூரம்) அளக்கிறான். ஆழத்துக்கு மூங்கில் கழியில் ஆணி அடித்து முழக்கணக்கு. வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான், நான் நோட்டில் ஏற்றுகிறேன். முதல் அளவு 41 எட்டு, நடுவே ஒன்றரை முழம். தடா நண்பரிடம் அவர் பக்கத்திலும் இதே நாளில் அளக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன். அவர் வீட்டிலிருந்து வாய் ரொம்ப தூரம், அங்கே போகப் படகு வேண்டும். பார்க்கிறேன் என்றார்.

மே 14

26 எட்டு. முழங்கால்கூட நனையவில்லை. ஏரியில் மீன் செத்து மிதப்பதாகப் பெரியம்மா சொன்னார். வெயில் ஏற ஏற உப்பு ஏறும். ஊரில் மறுபடி பணம் பிரிக்கிறார்கள், நான் 2,000 அனுப்பினேன்.

ஜூன் 12

தடா நண்பரின் மகன் லீவு நாளில் படகில் போய் அளந்திருக்கிறான். ராயதொருவு பக்கம் வாய் என்று சொல்லக்கூடிய இடத்தில் ஈரமே இல்லையாம். மணலில் கழி நட்டு அதில் ஆணியடித்துப் படம் அனுப்பியிருக்கிறான். தேதியைத் தெலுங்கில் எழுதிச் சட்டைப் பொத்தான் உயரத்தில் கட்டியிருக்கிறான். தம்பியின் கழியும் அதே உயரம்தான். இரண்டு படத்தையும் நோட்டில் எதிரெதிர்ப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அடுத்த அளவு வருகிற அமாவாசைக்கு. கழி நடும்போது நானும் இருக்க வேண்டும் என்று யார்டில் லீவு சொல்லிவிட்டேன்.